கீறல் தெரியாத நாற்காலி

ஒரு காட்டில் ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. அதன் மேல் ஒரு சிங்கம் இருந்தது. யாராவது மனு கொடுத்தால் சிங்கம் "முடியாது!" என்று கர்ஜித்து, கைப்பிடியில் நகத்தால் ஓர் இழுப்பு இழுக்கும். மான் கேட்ட மேய்ச்சல் நிலம் ஒரு கீறல். ஆமை கேட்ட குளம் ஒரு கீறல். நாற்காலியைத் துடைக்கும் மரநாய் மருதப்பன் மச்சினி கல்யாணத்துக்குக் கேட்ட விடுப்பும் அங்கே கீறலாகத்தான் கிடந்தது.

பெரிய மலையிலிருந்து யானையம்மா ஆய்வுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. கோபக்கார ராஜாவுக்குப் பதவி நீட்டிப்பு கிடையாது என்பது அவர் சட்டம்.

"டேய் மருதப்பா, நாளைக்கு இதுல ஒரு கீறல் தெரிஞ்சாலும் மத்தியானச் சாப்பாடு நீதான்" என்றது சிங்கம்.

பாவம் மருதப்பன், விழுந்தடித்துக்கொண்டு குரங்கின் கடைக்கு ஓடியது. ஊர்ப்பக்கம் போய்ச் சரக்கு கொண்டுவரும் குரங்கு அது. ஒரு பாலிஷ் ஸ்பிரே டப்பாவை எடுத்து நீட்டியது.

"குலுக்கிட்டு அடிங்கண்ணே. உள்ள எண்ணெயும் தண்ணியும் சண்டை போட்ட பங்காளிங்க மாதிரி தனித்தனியா நிக்கும். குலுக்கினா கொஞ்ச நேரம் சேர்ந்திருக்கும். அடைச்சு வச்ச வாயு ரெண்டையும் வெளியே தள்ளும். தண்ணி அழுக்கைக் கிளப்பும். எண்ணெய் கீறலுக்குள்ள போய்ப் படுத்துக்கும். பள்ளம் நிரம்பிட்டா வெளிச்சம் சிதறாது, பளபளன்னு மின்னும்."

"அப்போ கீறல் போயிடுமா?"

"அது எங்கண்ணே போகும்? கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். துணியில அடிச்சுத் தேய்ங்க. மிச்சத்தை நல்லாத் துடைச்சிடுங்க, இல்லன்னா வழுக்கும்."

துணியா? காட்டில் எவன் துணி உடுத்துகிறான்? மருதப்பன் நாற்காலி மேலேயே தாராளமாக அடித்துத் தன் வாலால் தேய்த்தது. வால் குடித்த மட்டும் குடித்தது. மீதி நாற்காலியிலேயே நின்றது. முகம் பார்த்து மீசை முறுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

மறுநாள் யானையம்மா வந்தார். சிங்கம் கம்பீரமாக உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் நகரவும் தொடங்கியது. நகத்தால் பற்றினால் நிற்கலாம். ஆனால் அவர் கண்ணெதிரிலேயே கீறல் விழுமே! நகத்தை உள்ளே இழுத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, சறுக்கி வந்து யானையம்மாவின் காலடியில் பொத்தென்று விழுந்தது.

மருதப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"அடடா!" யானையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ ராஜாக்களைப் பார்த்திருக்கேன். இறங்கி வந்து காலைத் தொடுற பணிவை இங்கதான் பார்க்கிறேன். நாற்காலியிலயும் ஒரு கீறல் இல்லையேப்பா!"

ஆயுள் முழுக்கப் பதவி என்று அங்கேயே அறிவித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சிங்கம் மருதப்பனைக் கட்டிக்கொண்டது. "என்ன வேணும்னாலும் கேளுடா!"

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் மருதப்பனுக்கு நாக்குக் குழறியது. "மச்சினி கல்யாணம், ராஜா. நாலே நாள் விடுப்பு."

"நீ போயிட்டா நாற்காலியை யார்டா பாத்துக்கறது? முடியாது!"

கைப்பிடியில் புதிதாக ஒரு கீறல் விழுந்தது. மருதப்பன் பெருமூச்சு விட்டு, டப்பாவை எடுத்துக் குலுக்கியது.

நீதி: அடுத்தவர் கீறலை மறைக்கத் தெரிந்தவனுக்கு வேலை என்றைக்கும் போகாது, கல்யாணச் சாப்பாடுதான் போய்விடும்.