முதல் ஆல்பத்தின் மேன்மை

மனித குலம் கண்ட மாபெரும் புரட்சிகளுள் ஒன்று, பினாங்கு பங்க் இசை ரசிகர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முறைப்படி முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, தேநீர் இடைவேளைக்கு முன்பே நிறைவேறியது. "நமக்குச் சட்டதிட்டம் எதுவும் கிடையாது" என்ற அந்தத் தீர்மானத்தைச் சட்டதிட்டத்தில் சேர்த்தவர் மன்றத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. வார நாட்களில் லைசென்ஸ் அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். சனிக்கிழமைகளில், அதே இஸ்திரி போட்ட சட்டையில், 'கலகக்காரர்'.

பங்க் விஷயத்தில் தீவு முழுவதும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அந்தப் பெயரை அவர் உயிராய்க் காத்துவந்தார். ஜெலுத்தோங் பகுதி மெக்கானிக் பெர்னார்ட் தன் பட்டறையிலேயே தொடங்கிய 'துரு' பேண்டின் முதல் கேசட் 1983இல் வந்தது. பத்து ஆண்டுகளாக அதைக் காரில் போட்டுத் தலையை ஆட்டியபடியே தலைவர் அலுவலகம் போய்வந்தார்.

இன்று மூன்றாவது ஆல்பம் அவர்முன் விசாரணைக்கு வந்திருந்தது. பெர்னார்டும் வந்திருந்தார். செயலாளர் தெரேசா கேசட்டை ஓடவிட்டார். குரல் கண்ணாடிபோல் தெளிவாகக் கேட்டது:

"கவுண்டருக்குப் பின்னால காலாட்டுற ராஜா,
காலையில வந்தவன நாளைக்கு வரச்சொல்ற ராஜா..."

தலைவரின் முகம் சுருங்கியது.

"முதல் ஆல்பத்துல என்ன ஆழம், என்ன சமூகச் சிந்தனை. இது என்ன, உழைக்கிற அரசாங்க ஊழியரைப் போட்டுத் திட்டிக்கிட்டு. சரிஞ்சிட்டீங்க, தம்பி. மன்றம் இதைக் கண்டிக்கணும்."

"அண்ணே, இது முதல் கேசட்டுல உள்ள பாட்டுதான்லா," என்றார் பெர்னார்ட். "திரும்பப் பாடியிருக்கோம். ஒரு வரிகூட மாத்தல."

"அதுல இப்படி இல்லையே."

"அப்ப பட்டறையில, மைக்குப் பக்கத்துல இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடிச்சு. இப்ப ஸ்டூடியோ. பட்டறை லைசென்ஸுக்கு உங்க ஆபீஸுக்கு அலைஞ்சப்ப எழுதுனது, அண்ணே."

"தலைவரே," என்றார் தெரேசா, "போன வருஷம் மேசை மேல ஏறி ஆடுனீங்களே, இந்தப் பாட்டுக்குத்தானே?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். முதல் ஆல்பம்தான் உச்சம். வார்த்தை புரிஞ்சிட்டா அது பங்க் இல்ல."

கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. தலைவரின் பெயர் பிழைத்தது.

திங்கட்கிழமை பெர்னார்ட் கவுண்டருக்குப் போனார். லைசென்ஸ் இன்னும் வரவில்லை, பட்டறையை மூடச் சொல்கிறார்கள், அங்கே வேலை செய்பவர்கள் எங்கே போவார்கள் என்று விளக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு வார்த்தையும் காதில் வாங்காமல், கண்ணை லேசாக மூடி, தாளம் தப்பாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கவுண்டரில் எல்லாருமே முதல் ஆல்பம்தான்.