பட்டுப்புடவையில் ஒரு ராக் கச்சேரி

ராக் கச்சேரிக்குக் காஞ்சிப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போன ஒரே ரசிகை நானாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. எப்படியும் என் வீட்டார் உங்களிடம் சொல்லிவிடுவார்கள்.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை ஆபீஸில் டைப்பிஸ்ட். வீடு பாரிவாக்கம். ஒருமுறை சினிமாப் பாட்டு பதியக் கொடுத்தபோது, கேசட்டில் இடம் மிச்சமிருக்கிறதே என்று கடைக்காரர் ஆவடிப் பையன்கள் நாலு பேர் சொந்தமாக எழுதிப் பாடிய மூன்று பாட்டுகளை நிரப்பிக் கொடுத்துவிட்டார். கிடாரும் டிரம்ஸுமாக ஒரே அலறல். அதில் கடைசிப் பாட்டு, வேலை முடிந்து காலி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற ஒருவனைப் பற்றியது. எனக்காகவே எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். (இருபத்திரண்டு வயதில் எல்லாப் பாட்டும் நமக்காக எழுதியதுதான்.)

ஆபீஸில் பக்கத்து சீட் கஸ்தூரிக்குப் போட்டுக் காட்டினேன்.

"இன்னாடி இது, மிக்ஸில கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி கீது!"

அதன்பிறகு சத்தத்தைக் குறைத்து, டேப் ரெக்கார்டரில் காதை ஒட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்டேன்.

ஒருநாள் கடைக்காரர் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பையன்களின் கச்சேரி என்று. அவர்களைப் பார்ப்பதைவிட, அந்தப் பாட்டு பிடித்த இன்னொரு ஆளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஒரே ஒரு ஆள் போதும். வீட்டில் "தோழிக்கு வளைகாப்பு" என்றேன். அம்மா உடனே தன் பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? கட்டிக்கொண்டேன்.

மண்டபத்தில் ஏகப்பட்ட நாற்காலிகள். ஆள் என்று பார்த்தால் நான்தான். வாட்ச்மேன் என் புடவையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாணம்னு வந்துட்டியா? ஆடி மாசத்துல யாரு விசேஷம் வெப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆடியில் வளைகாப்பும் கிடையாதே!

"பாட்டு கேக்க வந்தேன்."

"பாட்டா? ஊரே அம்மன் கோயிலாண்ட மெல்லிசைக் கச்சேரில கீது. நீ ஒருத்திதான் இங்க வந்துகினு கீற."

ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும் என்று கணக்குப் போட்ட பையன்கள், அதே ஆடியில் கோயிலுக்குக் கோயில் ஆர்கெஸ்ட்ரா நடக்கும் என்பதை மறந்துவிட்டார்கள்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். நானும் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் பாடகர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றார். எல்லாரும் எழுந்து, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தேன். "கையெல்லாம் மேல!" என்றார். இருந்த இரண்டையும் தூக்கினேன்.

எட்டு மணிக்கு எனக்குப் பஸ். எழுந்தேன். டிரம்ஸ் நின்றது. கிடார் நின்றது.

"கிளம்புறீங்களா சிஸ்டர்?" மைக்கிலேயே கேட்டார் பாடகர். குரலில் அப்படி ஒரு பயம்.

"இல்ல... ஃபேன் போடலாம்னு."

போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

என் பாட்டைக் கடைசியில்தான் பாடினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் கை தட்டினேன். அத்தனை பெரிய ஹாலில் ஒரு ஆள் கை தட்டினால் கொசு அடிப்பது போலத்தான் இருக்கும். இருந்தாலும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

பஸ் போய்விட்டது. தங்கள் வேனிலேயே கொண்டுவிடுகிறோம் என்றார்கள். டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தேன். அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல ஒரு வாரமாக மனசில் எழுதி வைத்திருந்தேன். நாலு பேரும் பாரிவாக்கம் வரைக்கும், ஆடியில் தேதி குறித்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். என் பக்கம் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். (வளைகாப்பு விஷயம் அவருக்கு உறைத்துவிட்டது.) தோள்வரை முடி வளர்த்த நாலு பேர் மரியாதையாக இறங்கி வரிசையாக நின்று எனக்கு வழிவிட்டார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல யாரு?"

"யாரும் இல்லப்பா. நான் ரசிகை."

"நாலு பேருக்குமா?"

டிரம்ஸ் வாசித்தவர் முதலில் ஓடி வேனில் ஏறினார்.

அதற்குப் பிறகு அந்தக் குழு எங்கும் பாடியதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, காபித் தட்டோடு போன என் காதில் தம்பி கிசுகிசுத்தான்: "இதுல யாரு?" சிரித்துவிட்டேன். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று நினைத்து மாப்பிள்ளை அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். (இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) இப்போது என் மகள் கல்லூரி குரூப் போட்டோவை நீட்டினாலும் வீட்டில் எழும் முதல் கேள்வி அதுதான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன்.

பாட்டு எப்படி இருந்தது என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

நன்றாக இருந்தது.