டில்மன் கொட்டிய மண்

"ஆள் வெச்சுக் கூட்டுறதுக்கு இது என்ன ஓட்டலா? உன் முறைன்னா நீதான் குனியணும்."

"ஃப்ராவ் ஹேகலே, படி சுத்தமா இருந்தா போதாதா? குனிஞ்ச முதுகு யாருதுன்னு படிக்குத் தெரியுமா?"

"படிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்தச் சத்தம். அந்த நேரத்தில் எங்கள் ஹெஸ்லாக் பேட்டையில் எல்லா வீட்டு ஜன்னல்களும் படுக்கையறைக் காற்று மாறுவதற்காகத் திறந்துதான் இருக்கும். ஆகவே பதினேழாம் எண் வீட்டுப் படிக்கட்டில் நடந்த சண்டையை எதிர்வரிசைக்காரர்கள் ஒட்டுக்கேட்டோம் என்று சொல்வது நியாயமில்லை. அதுவாக வந்து விழுந்தது.

அந்த வாரம் 'கூட்டும் வாரம்' பலகை மூன்றாம் மாடி டில்மன் கீன்ஸ்லேயின் கதவில் தொங்கியது. பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அவர்தான் அந்த வாரம் மேலிருந்து கீழ்வரை படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். எங்கள் ஸ்டுட்கார்ட்டில் கல்யாணத்தை முறித்துக்கொள்ளலாம், தேவாலயத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம். இந்தப் பலகையை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது.

டில்மன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து கம்பெனி தொடங்கியிருந்தான். போனில் ஒரு தட்டுத் தட்டினால், முதுகில் துடைப்பம் படம் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஆள் வந்து உங்கள் முறையைக் கூட்டிவிட்டுப் போவார். இரண்டாம் மாடி ஹேகலே அம்மாளுக்கு இதைக் கேட்டதிலிருந்து இரத்தக் கொதிப்பு.

டில்மனுக்கு வயது இருபத்தொன்பது. அதற்குள் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியாயிற்று. இருபத்துமூன்றில், செல்போனால் திறக்கும் சைக்கிள் பூட்டு செய்து விற்றான். பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்தான். கம்பெனியை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு முதலீட்டாளர் ஆனான். பிறகு மழை பிடித்தது. பூட்டுகள் திறக்கவில்லை. ட்யூபிங்கன் மாணவர்களில் பாதிப்பேர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவன் பணம் போட்ட நான்கு கம்பெனிகளும், வெட்டுக்கிளி மாவில் பிஸ்கட் செய்த கம்பெனி உட்பட, ஒரே வருஷத்தில் மூடின. மறுபடி வணிகப் பக்கத்தில் வந்தான். இந்த முறை படம் தபால்தலை அளவு.

இன்று பதினொரு மணிக்கு ஃப்ராவ் ஷெம்ப் வருகிறார். திருகாணித் தொழிற்சாலை முதலாளியம்மா. அவர் பணம் போட்டால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் டில்மன் ராய்ட்லிங்கனில் மைத்துனன் கடையில் நின்று குளியலறை ஓடு விற்க வேண்டும். அதற்கான ஒப்பந்தம் சமையலறை மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மைத்துனன் பேனாவும் சேர்த்து அனுப்பியிருந்தான்.

ஷெம்ப் அம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். திரையில் படம் போட்டுக் காட்ட வேண்டாம்; அழுக்குப் படியைக் காட்டு, உன் ஆள் கூட்டட்டும், பிறகு சுத்தமான படியைக் காட்டு.

அங்கேதான் சிக்கல். முந்தின நாள் சாயங்காலம் பதற்றத்தில் கை சும்மா இருக்காமல் டில்மன் தானே படி முழுவதையும் கூட்டித் துடைத்துவிட்டான். இப்போது படிக்கட்டில் ஒரு நூல் தூசி கிடையாது. கூட்ட என்ன இருக்கிறது?

எட்டு மணிக்கு பால்கனியிலிருந்த ஜெரேனியம் தொட்டியை எடுத்துவந்து மூன்று மாடிக்கும் மண்ணைத் தூவினான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. மேலே போய் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு எட்டரைக்குக் கதவைத் திறந்தால், படிக்கட்டு கண்ணாடி போலிருந்தது.

ஹேகலே அம்மாள் தன் கதவில் சாய்ந்து நின்றார். இந்த வீட்டில் இன்னும் மானமுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்றார். யார் கூட்டியது என்று கேட்டான். இடுப்பு வலிப்பதுபோல் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான் பதில்.

ஒன்பது மணிக்கு டில்மன் ஒரு வாரக் காப்பித்தூள் சக்கையையும் உலர்ந்த ரொட்டித் தூளையும் கலந்து கொட்டினான். வேலைக்கு ஏற்பாடு செய்திருந்த ஃபிலொமேனாவுக்குப் போன் போட மேலே போனான். போர்ச்சுகல்காரி, போன வாரம்தான் அவன் கம்பெனியில் சேர்ந்தவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை போட்டுவிட்டுக் கீழே வந்தான். படி ஈரமாக இருந்தது. எலுமிச்சை வாசனை வேறு.

இந்த முறை தரைத்தளத்து ராப் நின்றிருந்தார். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர். "என்ன தம்பி, என் வயசுல இதெல்லாம் முதுகுக்கு ஆகுமா?" என்று முதுகைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மணி ஒன்பதே முக்கால். பாதாள அறையில், பனிக்காலத்தில் நடைபாதையில் போடும் சரளைத்தூள் ஒரு மூட்டை இருந்தது. அதைத் தோளில் தூக்கி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அப்படியே கவிழ்த்தான். சரளை படிப்படியாக உருண்டு இறங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஜூலை மாதத்தில் யாருக்குச் சரளை தேவைப்படுகிறது என்று என் பக்கத்து ஜன்னல்காரி என்னைக் கேட்டாள்.

உடம்பெல்லாம் புழுதி. குளிக்காமல் முதலாளியம்மா முன்னால் நிற்க முடியுமா? குளித்தான். கழுத்துப்பட்டியைக் கட்டினான். ஃபிலொமேனாவுக்கு மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்தான்.

ஒரு கல்கூட இல்லை.

அதற்குமேல் அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தெருவுக்கு ஓடிவந்தான். மரத்தடி மண்ணில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அந்தச் சேற்றில் இரண்டு காலாலும் மிதித்தான். உள்ளே ஓடி மாடிப்படி ஏறினான், இறங்கினான், திரும்ப வந்து சேற்றை மிதித்தான். மூன்றாவது முறை அவன் இறங்கி வரும்போது திறந்த தெருக்கதவில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஷெம்ப் அம்மாள் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

ஹேகலே அம்மாளுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? தடதடவென்று இறங்கி வந்தார்.

"பாத்துக்கோங்கம்மா. காலையிலேருந்து இவனேதான் கொட்டுறான். மண்ணு, காப்பிச் சக்கை, சரளை. நாங்க மானத்துக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்றோம். இவன்தான் ஊரைச் சுத்தம் பண்ணப் போறானாம்."

ராப்பும் வந்து தலையை ஆட்டினார். ஷெம்ப் அம்மாள் டில்மனின் காலணியைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தை.

"ஹெர் கீன்ஸ்லே, உங்க சேவை வேணும்னு இந்த வீட்டுல ஒரு ஆளாவது கேட்டிருக்காங்களா?"

டில்மன் இல்லை என்று தலையசைத்தான். அவர் கைப்பையின் கொக்கியை மாட்டினார். ராய்ட்லிங்கன் ஓட்டுக்கடை அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்திருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது கொல்லைப்புற வாசலிலிருந்து பாதாள அறை வழியாக ஒருத்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஒரு கையில் வாளியும் துடைப்பமும். மறு கையில் மடித்த ஆரஞ்சு ஜாக்கெட். முகம் சிவந்திருந்தது. ஹேகலே அம்மாள் அவளைப் பார்த்ததும் மாடி ஏறத் திரும்பினார். ராப்புக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஃபிலொமேனா சேற்றுக் காலடிகளை மேல்வரை பார்த்தாள். வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"தம்பி, போன் எடுக்க முடியல, மன்னிச்சுக்கோ. கை ஒழியல. எட்டு மணிக்கு இந்தம்மா கூப்பிட்டாங்க, ஒம்பதுக்கு இந்தய்யா, பத்துக்குத் திரும்ப இந்தம்மா. கொல்லை வழியா வா, யாருக்கும் சொல்லாதேன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா. இதே படியை மூணு தடவை கூட்டியாச்சு, இப்ப உனக்காக நாலாவது."

ஹேகலே அம்மாள் ராப்பைப் பார்த்தார். ராப் ஹேகலே அம்மாளைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு எத்தனை நாளாக வருகிறாய் என்று ஷெம்ப் அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"ஒம்பது வருஷமாம்மா," என்றாள் ஃபிலொமேனா. "இந்த வீட்டுல தன் முறையைத் தானே கூட்டுற ஒரே ஆள் இந்தத் தம்பிதான்."

இந்தத் தெருவில் வேறு யார் வீட்டுக்கெல்லாம் போகிறாய் என்று அடுத்த கேள்வி வந்தபோது, எதிர்வரிசையில் எங்களில் சிலருக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஷெம்ப் அம்மாள் பணம் போட்டார். ஆட்களுக்கு ஜாக்கெட் கூடாது, தெருக்கதவு கூடாது, கொல்லை வழிதான் என்பது ஒப்பந்தத்தில் முதல் ஷரத்து. வருஷம் திரும்புவதற்குள் டில்மன் டேகர்லோக்கில், பணக்காரர்களின் மேட்டுப்பக்கம், வீடு பார்த்துக் குடிபோனான். ஹேகலே அம்மாள் கோப்பிங்கனில் தங்கையோடு இருக்கிறார். லிஃப்ட் உள்ள கட்டடமாம். அக்டோபரில் ராப் ஃபிலொமேனாவைக் கட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர்கள் முறை வரும்போது படி கூட்டுவது ராப்தான்.