தீர்ப்புக்கு முந்தைய வாரம் நின்றுபோன தொடரின் ரசிகர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வரி கட்டுவார்கள், பேருந்தில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆனால் அவர்களிடம் தவறியும், "டிவியில இப்போ ஏதாச்சும் நல்லதா வருதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தீர்ந்தது. முகம் இருண்டுவிடும். எங்கோ தூரத்தைப் பார்ப்பார்கள். "வந்துச்சு. நிறுத்திட்டாங்க" என்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பாதியில் நிறுத்தப்பட்ட தொடரின் ரசிகர் என்று இந்த ரகத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

அவருடைய தொடர் ஒரு வக்கீல் தொடர். வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு வந்தது. ஐஸ் ஃபேக்டரி முதலாளி தன் கூட்டாளியைக் கொன்றாரா இல்லையா என்பதுதான் கதை. முதலாளிக்காக வாதாடிய பெண் வக்கீல், முக்கியமான கேள்வி கேட்கும் முன்பு மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றுவார், ஜன்னல் பக்கம் திரும்புவார், பத்து எண்ணுவார், பிறகு கேட்பார். சாட்சி பொலபொலவென்று உடைந்துவிடும். அதே மாதிரி ஃபிரேமில் மட்டும் பத்தொன்பது விற்றிருக்கிறார் நம் கடைக்காரர். பதினேழாவது வாரம், "தீர்ப்பு அடுத்த வாரம்" என்று போட்டார்கள். அடுத்த வாரம் ஆறரைக்கே குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு மணிக்குத் திரையில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சமையல் போட்டி!

நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால் மனிதர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

சும்மா இருந்தாரா? சேனலுக்கு அறுபத்து மூன்று கடிதம் எழுதினார். கடை மேசையில் ஒரு விண்ணப்பத்தை விரித்து வைத்தார். அதில் கையெழுத்துப் போடாதவருக்குக் கண்ணாடி மட்டும்தான் கிடைக்கும், கூடு கிடைக்காது. இவ்வளவோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தொடர் நின்றுபோன துக்கத்தில் அவரே தொடராகிவிட்டார் என்பதுதான் சங்கடம். கண் பரிசோதனைக்குப் போய்ப் பாருங்கள்.

"கடைசி வரியில என்ன தெரியுது?"

"ப... ம... ட..."

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. போன வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்து அதை 'ட'ன்னு சொன்னீங்களா, 'ப'ன்னு சொன்னீங்களா?"

"ஞாபகம் இல்லீங்களே."

"ஞாபகம் இல்லையா? இல்ல, சொல்ல இஷ்டம் இல்லையா?"

வியர்த்துக் கொட்டும். தெரியாத எழுத்தையெல்லாம் தெரிகிறது என்று நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால்தான் இன்றுவரை மாடிப்படி இறங்கும்போது எனக்கு ஒரு படி கூடுதலாகத் தெரிகிறது.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி தையற்கடை நடத்துகிறவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். "பால் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டால், "இந்தக் கேள்வி சாட்சியின் வாயில் பதிலைத் திணிக்கிறது" என்பார் இவர். "சாட்சி பையைத் தூக்கிக்கிட்டு முதல்ல கடைக்கு நடக்கட்டும்" என்பார் அந்த அம்மா. சாட்சி நடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாவின் தம்பி நிஜமாகவே வக்கீல். பதினைந்து வருஷமாக நீதிமன்றத்துக்குப் போய் வருகிறார். நம்மவர் அவரை வக்கீல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "ஒரு தடவையாவது மேசையைத் தட்டியிருக்கானா கேளு. 'ஒரு தேதி குடுங்க'ன்னு கெஞ்சறதெல்லாம் ஒரு வாதமா?"

இப்படியே சிரித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தையற்கடைக்கே ஆபத்து வந்துவிட்டது. கட்டடத்துக்காரர் அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணப்போவதாகச் சொன்னார். நாலு மெஷின், கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள், ஒன்பது வருஷ வாடிக்கை. எல்லாம் ஒரு கார் நிற்பதற்காக! அந்த அம்மா வழக்குப் போட்டார். தம்பிதான் வக்கீல். மூன்று வருஷமாகத் தேதிமேல் தேதி வாங்கி, கடைசியில் ஒருநாள் சாட்சி விசாரணை வந்தது. சாட்சி யார்? பக்கத்துக் கடையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் கணவரைவிட்டால் வேறு யார்?

தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "அத்தான், பன்னிரண்டு வருஷமா கடை அங்கதான் நடக்குதான்னு கேப்பாங்க. 'ஆமாம்'னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. சொல்லிட்டு இறங்கிடுங்க."

"வெறும் ஆமாமா?" என்றார் அத்தான், சப்பென்று ஆகிப்போன முகத்தோடு.

நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். பித்தான் விழுந்து உருண்டு ஓடியது. அவர் கையிலிருந்து பித்தான் நழுவி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். நம்மவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அந்த இடத்துல பன்னிரண்டு வருஷமா தையற்கடை நடக்குதுன்னு சொல்றது உண்மையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பகீர் என்றது. மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். பத்து எண்ணினார்.

"சாட்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

கண்ணாடி இல்லாவிட்டால் நம்மவருக்குத் தன் கையே தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் என்று நினைத்துக்கொண்டு மூலையில் இருந்த இரும்பு அலமாரியை நோக்கி விரலை நீட்டினார். "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. மழையே பெய்யாத அன்னைக்கு, உங்க குடை மட்டும் எப்படி நனைஞ்சுது?"

அலமாரி வாய் திறக்கவில்லை. தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அது நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் கொட்டாவி பாதியில் நின்றது. "ஏன்னா... அது என் குடையே இல்ல" என்றார் அவர், கனவில் பேசுவதுபோல.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல் நின்றது.

"ஒன்பதாவது வாரம்" என்றார் நீதிபதி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது! "முதலாளி கொல்லவே இல்லைங்க, கூட்டாளியோட பொண்டாட்டிதான்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "டிரைவருங்க! மூணாவது வாரத்துல அவன் ஷூவைக் காட்டினாங்களே, நீங்க பாக்கலையா?" என்று தட்டச்சுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஷூவை மட்டும் வச்சு எதையும் தீர்மானிக்க முடியாது" என்று நீதிபதி கண்டித்தார். வாசலில் நின்ற காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு, தொடருக்குப் பதிலாக வந்த சமையல் போட்டியைப் பற்றி இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னார். நம்மவருக்கா, கண் நிறையத் தண்ணீர். நாலு வருஷமாகத் தனியாகச் சுமந்த துக்கத்துக்கு ஒரு நீதிமன்றமே தோள் கொடுக்கிறதே! இருபது நிமிஷம் போனது.

"நான் ஒரு வார்த்தை பேசலாங்களா?"

அந்த அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"அந்தத் தொடர் எத்தனை வாரம் ஓடுச்சு?"

"பதினேழு" என்றார்கள் நாலு பேர் ஒரே குரலில்.

"அதுக்குத் தீர்ப்பு வரலைன்னு இத்தனை பேரும் நாலு வருஷமா வயிறு எரியறீங்க. அது கதைங்க. என் கடை நெஜம். மூணு வருஷமா நானும் அடுத்த தேதி, அடுத்த தேதின்னு தலைவாரிக்கிட்டு வந்து இதே பெஞ்சில உட்கார்றேன். என்னை நிறுத்தி வச்சிருக்கறது எந்த சேனலுங்க?"

எழுந்து நின்ற தட்டச்சுக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். நல்லவேளை, நான் வாயைத் திறந்திருக்கவில்லை. டிரைவர்தான் என்று நானும் சொல்லவிருந்தேன்.

நம்மவர் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்" என்றார்.

"என்ன ஆமாம்?" என்றார் நீதிபதி.

"பன்னிரண்டு வருஷமா கடை அங்கதாங்க நடக்குது. ஆமாம்." சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நீதிபதியின் முகம் சிவந்திருந்தது. வழக்குக் கோப்பை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். இரு தரப்பும் அரை மணி நேரத்தில் வாதத்தை முடிக்க வேண்டும், இன்றைக்கே நாலு மணிக்குத் தீர்ப்பு என்றார். நாலு மணிக்கு அறை நிரம்பி வழிந்தது. பக்கத்து அறை வக்கீல்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். அந்த அம்மா கணவரின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். நீதிபதி கடைசித் தாளைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார்.

மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். பக்கம் போதும் என்கிறார் பதிப்பாசிரியர். மீதி இடத்தில் ஒரு சமையல் குறிப்பு போடப்போகிறாராம்.

என்ன முறைப்பு? அடுத்த பக்கத்தை எதற்குப் புரட்டிப் பார்க்கிறீர்கள்? பதிப்பாசிரியரின் முகவரி உங்களுக்கு எதற்கு?

சரி, சரி, சொல்லிவிடுகிறேன். கடையை யாரும் தொடக் கூடாது என்று தீர்ப்பு. வராந்தாவுக்கு வந்ததும் அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "நீதிபதியம்மா மேசையைத் தட்டவே இல்லையே" என்றார் நம்மவர். "வீட்டுக்கு வாங்க, நான் தட்டறேன்" என்றார் அவர்.

இப்போது மூச்சு வந்ததா? ஒரு நிமிஷம் பதறினீர்களே, அதே பதற்றத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் நீங்களும் நானும் ஒரு மனிதரைக் கேலி செய்துகொண்டிருந்தோம்.