புதுக் கணினியில் தட்டச்சு செய்த முதல் கடிதம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலம், அக்காவின் நலம், உங்கள் வலது முழங்காலின் நலம் ஆகியவற்றைத் தனித்தனியே அறிய ஆவல். ஃபோனில் சொல்லக்கூடிய விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. தவிர, இந்தக் கடிதமே ஒரு சாட்சியம். பாகம் பாகமாக நானே தேர்ந்தெடுத்து, நானே திருகிப் பொருத்திய கணினியில் தட்டச்சு செய்து அச்சிட்ட முதல் தாள் இது. தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கணினி போன மாதம் காலமானது உங்களுக்குத் தெரியும். நல்ல ஜீவன். கரண்ட் போய் வந்தால் யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை, தானாக எழுந்துகொள்ளும். எனக்குப் பொத்தான் எது என்பது மறந்துவிடுகிறது என்று மகள் அப்படிப் பழக்கி வைத்திருந்தாள். அன்று கரண்ட் போய் வந்தது, அது மட்டும் எழவில்லை. மானிட்டர் சுவரில் இருந்த ப்ளக்கில் மாட்டியிருந்ததால் அது மட்டும் விழித்துக்கொண்டு 'சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை' என்று ஒப்பாரி வைத்தது. அதற்குள்தான் உங்கள் தங்கையின் புத்தகம் இருந்தது. தையல் பள்ளியில் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் திரட்டி, ஒவ்வொரு கழுத்தும் ஒவ்வொரு கையும் எப்படி வெட்டுவது என்று அவளே படம் வரைந்து எழுதியது. வேறு எங்கும் பிரதி கிடையாது. பதிப்பாளர் அதற்காகக் காத்திருந்தார். அவள் அழவில்லை, மச்சான். இருண்ட பெட்டியைப் பார்த்தபடி, "என் கழுத்தெல்லாம் அதுக்குள்ள இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், ஏற்கெனவே இஸ்திரி போட்டிருந்த துணிகளை மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்தாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ரிப்பேர் கடைக்கு ஃபோன் செய்தால், "கொண்டு வாங்க பார்ப்போம், உள்ள இருக்கிறது போனா நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். அதைக் கேட்டதும் இவள் அந்தப் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் ஃபோனில் அந்த யோசனையைச் சொன்னீர்கள். "மாப்பிள்ளை, முதல்ல அதை வேற ப்ளக்ல மாட்டிப் பாருங்க." நான் கோபப்பட்டதாக நீங்கள் அக்காவிடம் சொன்னதாகக் கேள்வி. கோபம் இல்லை, வருத்தம். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவன் நான். மேசைக்கு அடியில், கணினியை மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் கரண்ட் உண்டு. கரண்ட் இருந்தும் எழாதது செத்தது. ஆகவே கணினி செத்தது. இதில் ப்ளக்குக்கு எங்கே இடம்? இருதயம் நின்றுபோனவனுக்கு வேறு செருப்பு மாட்டிப் பார்ப்பதில்லையே.

ஆகவே, புதுக் கணினி ஒன்றை நானே கூட்டி, பழையதைத் திறந்து அதன் டிஸ்கை எடுத்து, புதியதில் பொருத்திப் புத்தகத்தை மீட்பது என்று முடிவு செய்தேன். கடையில் கூட்டிக் கட்டியதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். கட்டியதை வாங்கினால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மகள் மட்டும், "அப்பா, அம்மாவுக்குச் சட்டைக் கழுத்து வரையணும். ராக்கெட் விட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தான் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு மற்றவர்களின் முதுகெலும்பில் இருக்கும் அக்கறை அப்பாவின் ஆராய்ச்சியில் இல்லை.

முதலில் ப்ராசஸர். இது கணினியின் மூளை என்கிறார்கள். இதைச் செய்கிறவர்கள் பிரதானமாக இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பக்தர்கள் உண்டு. மகளின் ஃபோனை வாங்கி இணையத்தில் ஓர் இடத்துக்குப் போய், "தையல் படம் வரைய எது உகந்தது?" என்று பணிவாகக் கேட்டேன். அரைமணி நேரத்தில் இரு தரப்பாரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். தையலை யாரும் தொடவில்லை. நடுவில் ஒருவர் என்னைப் பார்த்து, "பெரியவரே, நீங்க எந்தக் கட்சி?" என்றார். நான் மெதுவாக வெளியே வந்துவிட்டேன். பிறகு மதிப்புரைகளைப் படித்து, ப்ராசஸர்களில் மிகச் சிறந்ததையும் அந்த மூளை உட்காரும் மதர்போர்டுகளில் மிகச் சிறந்ததையும் தேர்ந்தெடுத்தேன். சிறந்தவற்றைச் சேர்த்தால் சிறந்தது கிடைக்கும் அல்லவா? இந்த எண்ணத்துக்குத் தர்க்கவியலில் ஒரு பிழையின் பெயர் உண்டு. நானே வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். ஆனால் அங்கே உதாரணம் கால்பந்து அணியாக இருந்தது. மதர்போர்டாக இருந்திருந்தால் எனக்கு நினைவு வந்திருக்கும்.

கடையில் ஒரு விற்பனையாளர் இருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் "சூப்பர் செலக்‌ஷன், சார்" என்பார். அதையே எங்கள் வீட்டில் அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். மூளையை எடுத்தேன், சூப்பர் செலக்‌ஷன். போர்டை எடுத்தேன், சூப்பர் செலக்‌ஷன். வீட்டுக்கு வந்து பிரித்தால் மூளை ஒரு தரப்பு, போர்டு எதிர்த் தரப்பு. ஒன்றில் மற்றொன்று உட்காரவே இல்லை. திரும்ப எடுத்துக்கொண்டு போய், "ரெண்டும் சேராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் சார்."

"அப்போ ஏன் சூப்பர்னு சொன்னீங்க?"

"தனித்தனியா சூப்பர்தானே சார்."

தர்க்கப்படி அவர் சொன்னதில் குற்றமில்லை. மாற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது, திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு. செங்கல்லைவிட நீளம், மூன்று விசிறி. அதைக் கேபினட் என்கிற வெளிப்பெட்டிக்குள் நுழைக்கப் போனால் ஒரு விரல் அளவு வெளியே நின்றது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், நயமாகப் பேசியும் பார்த்தேன். அடுப்படியில் இருந்து உங்கள் தங்கை வந்து நின்றாள். பல நாள் கழித்து அன்றுதான் என்னிடம் முழு வாக்கியமாகப் பேசினாள்.

"என்னங்க, பெட்டியை அளந்தீங்களா?"

"அளந்தேனே. மேசைல கச்சிதமா உக்காருது."

"வெளிய அளந்தீங்க. உள்ள போறதை அளந்தீங்களா? உடம்பை விட்டுட்டு பீரோவை அளந்தா சட்டை தைப்பாங்க?"

கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து நிமிடத்தில் உள்ளும் புறமும் அளந்தாள். அதற்குப் பிறகு கடைக்கு அவளும் வந்தாள். சூப்பர் செலக்‌ஷன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவள் டேப்பை வைத்து, "இடுப்புல பிடிக்கும், வேற காட்டுங்க" என்று ஒதுக்கினாள். அவர் அன்று ஒருமுறைகூட சூப்பர் என்று சொல்லவில்லை. கடைசியில் அவளாகவே ஒரு சின்ன கார்டை எடுத்தாள். கேபினட் மட்டும் முன்பே மகள் படம் பார்த்துச் சொல்லி வாங்கியது; பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்கு. கிளம்பும்போது, இத்தனை வாங்கியதற்கு நன்றியாக, சூப்பர் செலக்‌ஷன் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டை இலவசமாகக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை பொருத்தி முடித்தேன். மிஞ்சியது இரண்டே திருகுகள். அவை உபரி என்று கருதுகிறேன். பழைய பெட்டி மேசைக்கு அடியில் அதன் இடத்திலேயே இருக்க, புதியதை மேசைமேல் வைத்தேன். பழைய எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்துவிட்டு, அதில் இருந்த ப்ளக்குகளை வரிசை மாறாமல் புதியதில் மாட்டினேன். புதுப் பெட்டியின் ப்ளக்கையும் பக்கத்தில் மாட்டினேன். மேசையின் பின்பக்கம் வயர்கள் இடியாப்பச் சிக்கலாகக் கிடந்தன. இழுத்துப் பார்த்ததில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் உறுதியாகவே மாட்டியிருந்தன. உறுதியாக இருப்பதைக் கழற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. டிஸ்கைப் பிடுங்கும் கட்டம் இன்னும் பாக்கி. எனக்குப் பயமே அந்தக் கட்டத்தில்தான்; கொஞ்சம் தவறினாலும் அவளுடைய உழைப்பு முழுக்கப் போய்விடும். முதலில் விளக்காவது எரிகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டு, புதுப் பெட்டியின் பொத்தானையும் தேடி அமுக்கினேன்.

மச்சான், நம்புங்கள். புதுப் பெட்டிக்குள் பச்சை, நீலம், ஊதா என்று விளக்குகள் ஓடின. விசிறிகள் சுழன்றன. மானிட்டரில் வெளிச்சம் வந்தது. நான் டிஸ்கைத் தொடக்கூட இல்லை, அதற்குள் பழைய கணினியில் இருந்த கடற்கரைப் படம் வந்தது. அதன்மேல் அவளுடைய புத்தகம், வைத்த இடத்திலேயே. மகள் எப்போதோ தன் ஃபோனில் இருந்த படங்களைப் பற்றி, "எல்லாம் மேகத்துல இருக்குப்பா, பயப்படாத" என்று சொன்னது ஞாபகம் வந்தது. மேகம் என்றால் என்ன என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இன்று அது என் மேசையிலேயே பொழிந்துவிட்டது. "இங்க வாயேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமலே ஓடி வந்தாள். ஒரு பக்கத்தைத் திறந்தாள், அடுத்ததைத் திறந்தாள், கடைசிப் பக்கம்வரை போனாள். வட்டக் கழுத்து, சதுரக் கழுத்து, படகுக் கழுத்து, எல்லாம் இருந்தன. ஒரு கழுத்தின் வளைவைத் திரையில் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நான்கு கணினி கட்டலாம் போலிருந்தது. உள்ளே ஒரு துணி கருகும் வாசனை வந்தது. என் சட்டைதான், பரவாயில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், பழையதன் வேகமேதான் தெரிகிறது. அதைப் புதுப் பொருளின் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். சத்தமும் மேசைக்கு அடியில் இருந்து வருவதுபோல் அவ்வளவு தணிவாக இருக்கிறது. இனி ப்ளக், போர்டு என்று யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், அவர்களைத் தயங்காமல் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எழுந்ததும் எழும் கணினிகளோடு வாழ வேண்டும் என்று விரும்பும்

உங்கள் மாப்பிள்ளை.

பி.கு. இதைக் கையால் எழுதுகிறேன். மேலே உள்ளதை அச்சிட்டு உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில், பழைய பெட்டியைப் பரணில் ஏற்றிவிடலாம் என்று உங்கள் தங்கை மேசைக்கு அடியில் குனிந்து கையை வைத்தாள். வைத்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"என்னங்க, செத்துப்போன பெட்டி ஏன் சூடா இருக்கு?"

சாயந்திரம் மகள் வந்து மேசைக்கு அடியில் புகுந்தாள். கொஞ்ச நேரம் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டுமே வந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் பழைய பெட்டியிலேயே மாட்டியிருக்கின்றனவாம். பழைய போர்டில் கணினி மாட்டியிருந்த ஓட்டை மட்டும் உள்ளே கழன்றிருந்ததாம். போர்டில் விளக்கு எரியும், கணினிக்குக் கரண்ட் போய்ச் சேராது. புதுப் போர்டில் ப்ளக் ஏறியதும் அந்த நல்ல ஜீவன் வழக்கம்போல் தானாக எழுந்துகொண்டிருக்கிறது. மேகமும் இல்லை, மழையும் இல்லை. மேசைமேல் இருப்பது காலையிலிருந்து நிறம் மாற்றிக்கொண்டிருந்ததே தவிர, அதனிடம் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை, அது ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆக, நான் வாங்கியவற்றில் வேலைக்கு ஆனது இலவசமாக வந்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றுதான்.

மகள் புத்தகத்தை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்துவிட்டாள். பதிப்பாளருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் தங்கை என்னைத் திட்டவில்லை. புதுப் பெட்டியை இன்ச் டேப்பால் அளந்து, அதன் விளக்கு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க நன்றாக இருக்கிறது என்கிறாள். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் உங்களுக்கு ஃபோன் செய்துவிடுவாள். சிரிப்பதாக இருந்தால், தயவுசெய்து ஃபோனை வைத்துவிட்டுச் சிரியுங்கள்.