வெள்ளைக்காரனுக்குப் போட்டோ எதுக்கு?

அவமானப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். மூலையில் உட்கார்ந்திருப்பவனை யாரும் தேடிப் போய் அசிங்கப்படுத்த மாட்டார்கள். எனக்கு அது மேடையிலேயே நடந்தது. அந்த மேடை என்னுடையது, மைக் என்னுடையது, எதிரே போட்டிருந்த நாற்காலி அத்தனையும் என்னுடையது. (வாடகைகூட வாங்கல. சபை காரியம்.)

நான் யார் என்று திருத்தணியில் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். பந்தல் காண்டிராக்டர் ஞானமுத்து. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதில் போய்விட்டது. இன்றைக்குக் கனகம்மாசத்திரத்திலிருந்து அம்மையார்குப்பம் வரை கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், வாசலில் இருக்கிற வரவேற்பு மேசை, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு எல்லாம் என் கடையிலிருந்து போனதாகத்தான் இருக்கும். வந்தவர்களை வரவேற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறது.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு வரவேற்பில் கவிழ்ந்தேன்.

எங்கள் சபைக்கும் ஜெர்மனியில் ஒரு ஊர்ச் சபைக்கும் முன்னொரு காலத்தில் சிநேகம் இருந்தது. (அந்த ஊர் பேரு என் வாயில வராது. என் மவ சொன்னா தும்மற மாதிரி இருக்கும்.) அங்கிருந்து வாலிபர் கூட்டம் இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும். ரெண்டும் இரட்டை ஊர் என்றே பேச்சு. கடைசியாக அவர்கள் வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அவர்களுக்காகப் போட்ட பந்தலில் கம்பம் தூக்கிய கூலி நான். வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் சிவந்த முகமும் சோளத்தட்டு நிறத்தில் முடியுமாக இருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் இங்கே போதகர் மாறினார், அங்கேயும் மாறினார், கடிதம் நின்றது, சிநேகமும் நின்றது.

அறுந்து கிடந்த அதை எடுத்து முடிச்சுப் போட்டவள் என் மகள் ரூத். வாலிபர் சங்கச் செயலாளர். சாயங்காலமானால் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு ஜெர்மனியோடு பேசுவாள். ஒரு தரம் நானும் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு வெள்ளைத் தாடி. அந்த ஊர்ப் போதகராம். நான் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். ஜெர்மனியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பேசிப் பேசி, அங்கிருந்து நாலு வாலிபர் வருவதாக முடிவாயிற்று. வந்து பார்த்து அவர்களுக்குப் பிடித்தால் பழைய சிநேகம் திரும்பத் தொடங்கும். அடுத்த வருஷம் நம் பிள்ளைகள் அங்கே போகலாம். மனசு கோணிவிட்டால் இத்தோடு சரி. இதை ரூத் சபைக் கூட்டத்தில் ஒரு தரம்தான் சொன்னாள். வீட்டில் என்னைப் பார்த்துப் பல தரம் சொன்னாள்.

வருகிற நாள் காலையில், சபை மேடைப் பக்கத்தில் வைத்தும் சொன்னாள். "நைனா, அவங்க சென்னைலேர்ந்து ரயில்ல வந்துடுவாங்க. நீ வேனை எட்துகினு டேசனுக்குப் போயி ஏத்திகினு வந்தா போதும். வேற ஒண்ணும் செய்யாத."

"ஆங், ஆங்."

"மேளம் கீளம் வேணாம்."

"மேளமா? எவன் சொன்னான்?" (முனிரத்தினம் செட்டு அப்பவே டேசன் வாசல்ல டீ குடிச்சிகினு இருந்துச்சு.)

"அவங்க போட்டோவை உன் போனுக்கு அனுப்பிச்சிருக்கேன். பாத்துக்கோ."

"வெள்ளைக்காரனைக் கண்டுபிடிக்க போட்டோ எதுக்கு? நம்ம டேசன்ல மத்தவங்கள்லாம் என்னா நிறத்துல கீறாங்க?"

ரூத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேடையில் படத்திரை கட்டுகிறவன் அவளைக் கூப்பிட்டான். அந்த ஆள் ஒரு நிமிஷம் தாமதமாகக் கூப்பிட்டிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரும் விருந்தாளிகளின் போட்டோவைத்தான் கேட்டிருந்தார். "சிரிக்கிற வெள்ளைக்காரப் பசங்களா பாத்து நாலு பேரைப் போட்டுடு" என்றேன். போட்டார். அந்த நாலு பேர் எந்த நாட்டு எந்த ஊரோ, தெரியாது. பாவம், திருத்தணி ஸ்டேஷன் வாசலில் என் படத்துக்குக் கீழே சின்னதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் வந்தது. சாமந்தி மாலை, சால்வை, சந்தனம், கல்கண்டு எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் குறை. பன்னீர் தெளிக்க ஆள் இல்லை. வாசலில் பன்னீர்ச் சொம்பு பிடிக்கிறது வீட்டுப் பெண் பிள்ளைகள் செய்கிற வேலை. என் பெண்ணோ என்னை நம்பிச் சபையில் இருக்கிறாள். நான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறபோது, ஜீன்ஸ் பேண்ட் போட்ட ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். மாநிறம், சுருட்டை முடி, முதுகில் பை. பின்னால் இன்னும் மூன்று பேர். ஒருத்தன் இவளுடைய தம்பி ஜாடை, ஒருத்தன் மலையாளத்துக்காரன் மாதிரி, ஒரு பெண்ணுக்கு மணிப்பூர்ப் பக்கத்து முகம்.

"ஐயா, நீங்கள் சபையில இருந்து வந்தனீங்களோ?"

"ஆமாம்மா. நீ ரூத்துக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"ஓம், ரூத்தோடதான் கதைச்சனாங்கள். நாங்கள் நாலு பேர் வந்திருக்கிறம்."

சென்னையிலிருந்து பாட்டுப் பாடுகிற பிள்ளைகள் வருவதாக ரூத் சொல்லியிருந்தாள். அது இவர்கள்தான் என்று முடிவு கட்டினேன். (அந்தப் பேச்சை நாகர்கோவிலுக்கு அந்தாண்ட எங்கியோன்னு நினைச்சேன். அந்தாண்டதான், கடலுக்கு அந்தாண்ட.) நாலு பேர் என்று அவள் வாயால் சொல்லியும் என் மண்டையில் மணி அடிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கணத்தில்தான் கடைசிப் பெட்டியிலிருந்து அவர்கள் இறங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரர், ஒரு வெள்ளைக்கார அம்மா. நான் அந்தப் பெண்ணின் கையில் சொம்பைத் திணித்தேன்.

"நல்ல சமயத்துல வந்தம்மா. இந்தா புடி. கொஞ்சம் தள்ளி நில்லு, விருந்தாளிங்க வராங்க. அவங்க மேல நல்லா தெளி. தம்பி, நீங்க ரெண்டு பேரும் அவங்க பையை வாங்கிக்குங்க."

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஐயா, நாங்கள்..." என்று தொடங்கினாள். முனிரத்தினம் தவிலை ஓங்கி அடித்தார். பிறகு யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கியவர்களுக்கு அறுபது வயசு இருக்கும். வாலிபர் சங்கத்துக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். வெள்ளைக்காரர்களுக்கு வயசு முகத்தில் சீக்கிரம் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாலு பேருக்கு இரண்டு பேர்தானே? மீதிப் பேருக்கு விசா கிடைத்திருக்காது. நெற்றியில் விபூதி? நம் ஊர் மரியாதை தெரிந்தவர்கள். இப்படி எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. மாலை போட்டேன், சால்வை போர்த்தினேன். அந்த மனுஷர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பன்னீர் தெளித்தாள். நன்றாகவே தெளித்தாள்.

வேனில் முன்சீட்டில் அவர்கள் இருவரும் நானும். பின்னால், மேளக்காரர்களுக்கு நடுவில், பைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலு பேர்.

சபை வாசலிலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணை நிற்கச் சொல்லிவிட்டு, தம்பதியை மேடைக்கு நடத்திப் போனேன். ரூத் படத்திரைக்குப் பின்னால் வயரோடு போராடிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் இருப்பவர்களும் நிகழ்ச்சியைப் பார்க்கிற ஏற்பாடு அது. எங்கள் போதகர் விபூதியைப் பார்த்து என் பக்கம் திரும்பினார். நான் அவரை முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். கம்பம் தூக்கிய நாள் தொடங்கி என் வரலாற்றைச் சொன்னேன். "அன்னிக்கு வந்தாங்களே, அதே ரத்தம், அதே முகம்" என்று அந்த மனுஷரைக் காட்டினேன். ஜனம் கை தட்டியது.

பிறகு அவரிடம் மைக்கைக் கொடுத்தேன். இங்கிலீஷில் பேசினார். வாசலில் நின்ற பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். "படிச்ச பொண்ணு மாதிரி கீறே. இவரு பேசறதைத் தமிழ்ல சொல்லும்மா."

அவள் சொம்போடு மேடையேறி, ஒழுங்காக மொழிபெயர்த்தாள்.

"இவை ரெண்டு பேரும் இத்தாலியில இருந்து வந்திருக்கினம். மலைக்கோயில்ல மொட்டை போடுறதா வேண்டுதலாம். வாற எல்லாருக்கும் இந்த ஊர் இப்பிடி மாலை போடும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையாம். நிறைய நன்றியாம். மொட்டை எங்க போடுறது எண்டு கேக்கிறார்."

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அரோகரா" என்றார்.

காலம் முழுக்கக் காவடிக்கு வாசித்த முனிரத்தினம் செட்டுக்குக் கை நிற்குமா? "அரோகரா" என்று மொத்தமாகச் சொல்லி, தவிலில் ஒரு தீர்மானமும் அடித்து முடித்து வைத்தார்கள். எங்கள் சபைச் சுவர் அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ரூத்தின் வயர் சேர்ந்தது. திரையில் வெள்ளைத் தாடி வந்தது. மேடையில் மாலையோடு இருந்த இரண்டு பேரை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டது. 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' என்று கேட்டாராம். திரைக்குப் பின்னாலிருந்து ரூத் வெளியே வந்தாள். சொம்பு பிடித்த பெண்ணைப் பார்த்தாள்.

"யாழினி?"

"ஓம், ரூத்."

என் மகள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. மெதுவாகக் கேட்டாள். "நைனா, அவங்க கையில சொம்பை யாரு குடுத்தது?"

இத்தாலிக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கி, என் வாழ்க்கையில் முதல் தரமாக நானே அதை அணைத்து வைத்தேன்.

போதகர் என் காதருகே வந்தார். "கூட்டினு வந்தது நீங்க. கொண்டுபோய் விடறதும் நீங்களே செஞ்சிடுங்க." ஆகவே இத்தாலிக்காரர்களை வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். மொட்டை போடுகிற இடத்தில் அவருடைய பை, மாலை, என் சால்வை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரிசையில் நின்றேன். தெரிந்தவர்கள் வந்து, "என்னா ஞானமுத்து, நீயுமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வாசலில் நிற்க வைத்துவிட்டேனே, பை தூக்க வைத்துவிட்டேனே, இனி எந்த ஜெர்மனிக்காரன் வருவான்? ரூத் அத்தனை மாதம் சர்க்கரை டப்பா முன்னால் உட்கார்ந்தது வீண்தானே? இதே ஓட்டம்தான் மனசில். அந்த மனுஷர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது, நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது விருந்து முடிந்திருந்தது. உள்ளே போக முகமில்லாமல் வாசல் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றேன். மேடையில் யாழினி திரையைப் பார்த்து அவர்கள் பாஷையிலும், ஜனத்தைப் பார்த்துத் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களாம். மற்றவர்களில் ஒருத்தனுக்கு அம்மா கேரளத்து நர்ஸ், இன்னொருத்தி வீட்டார் வியட்நாம். அந்த ஊர் வாலிபர் சங்கம் இப்போது இவர்கள்தான்.

"எங்கட வீட்டுக் கலியாணத்தில பன்னீர்ச் செம்பை விருந்தாளியின்ர கையில குடுக்க மாட்டினம். வீட்டுப் பிள்ளையள்தான் பிடிக்கிறது. ஐயா அதை என்ர கையில தந்தவுடன, எங்களை வீட்டுப் பிள்ளையளா எடுத்திட்டார் எண்டு சந்தோசப்பட்டன்." அதைத் திரைக்கும் அவர்கள் பாஷையில் சொன்னாள். "பிறகுதான் விளங்கினது, அவர் எங்களை ஆளாவே எடுக்கேல்ல எண்டு."

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் போதகரும். திரையில் தாடி குலுங்கியது.

"அங்க பிறந்து வளந்தும், நீ உண்மையில எந்த ஊர் எண்டுதான் எங்களைக் கேக்கிறவை. இங்க வந்தாலும் அதே கதைதான். ஆனா அங்க ஒருத்தரும் எங்கட கையில பன்னீர்ச் செம்பு தந்ததில்லை."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. எனக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஜென்மம் நான். அவள் இறங்கி வந்ததும் எதிரே போய் நின்று, "சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"ஓம் நைனா" என்றாள். ரூத் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிநேகம் ஒட்டிக்கொண்டது. போகும்போது அந்தச் சொம்பை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். இப்போது அந்த ஊர்ச் சபை வாசலில் வைத்திருக்கிறார்களாம். (ஜெர்மனி வரைக்கும் சரக்கு அனுப்பிச்ச பந்தல் காண்டிராக்டர் இந்த ஜில்லாவுல வேற எவன்? சொல்லுங்க பாக்கலாம்.)

அடுத்த வருஷம் ரூத் நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தாள். ஆனால் நான் அன்றைக்கு இழந்த மரியாதை இன்னும் திரும்பவில்லை. என்னை யாரையாவது கூப்பிட அனுப்பினால், வருகிறவர்கள் முதலில் தங்கள் போட்டோவை என் போனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அரக்கோணத்திலிருந்து வருகிற மச்சான் அனுப்புகிறான். மார்க்கெட்டிலிருந்து கூட்டிவரச் சொல்கிற என் பெண்டாட்டி, கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்று எடுத்து அனுப்புகிறாள்.

ரூத் ஜெர்மனியிலிருந்து திரும்பிய அன்று சென்னை விமான நிலைய வாசலில் மாலையோடு நின்றேன். போன் சிணுங்கியது. அவளுடைய முகம். கீழே எழுதியிருந்ததைப் பக்கத்தில் நின்ற டிரைவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"நைனா, இதான் நான். நல்லா பாத்துட்டு மாலை போடு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் பார்த்தேன்.