மடியில் ஓடிய இன்ஜின்

சிதம்பரம் தெற்கு வீதியில் காரை ஓரங்கட்டிய பிறகும் அந்த மஞ்சள் விளக்கு அன்பரசுவை முறைத்துக்கொண்டே இருந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. கடலூர் தாண்டியதும் எரிய ஆரம்பித்தது.

சொந்தக் காராக இருந்தால் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பான். ஆனால் கார் அவன் மனைவி சிந்துஜாவின் அண்ணன் திருநாவுக்கரசுவுடையது. கல்யாணமான நாளிலிருந்து சாவியைக் கண்ணில் காட்டாத மனிதர், இன்றைக்குத்தான் மனமிரங்கி, "பாத்து ஓட்டுங்க மாப்ள" என்று கொடுத்திருந்தார். வேலையை முடித்துக்கொண்டு ரயிலில் வந்து, கூடவே சாமி கும்பிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

"எங்கண்ணன் வர்றதுக்குள்ள இத அணைச்சிருங்க" என்றாள் சிந்துஜா. "இல்லன்னா இந்த ஜென்மத்துல உங்கள நம்பி ஒரு சைக்கிள் கூடக் குடுக்க மாட்டாரு."

அதே வீதியில் கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த சிவபிரசாத், ஒரு போனும் தீப்பெட்டி அளவு டப்பாவுமாக வந்தான்.

"இ.சி.எம்.தான் சார் வண்டிக்கு மூளை. இந்த டப்பாவ ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருவிட்டா, மூளையில இருக்கறதெல்லாம் ப்ளூடூத்துல போனுக்கு வந்துரும்."

வந்தது. இன்ஜினின் சூடு, உள்ளே போகிற காற்று, சுற்றும் வேகம் என்று எல்லாம் போனில் ஓடின. பாத்திரக்கடையில் பில் போடும் அன்பரசுவுக்குத் தன் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்றே தெரியாது. ஒரு காருக்குள் இவ்வளவு நடக்கிறதா என்று மலைத்துப்போனான்.

"ஆக்சிஜன் சென்சார் சார்" என்றான் சிவபிரசாத். கழற்றினான், துடைத்தான், மாட்டினான். போனை ஒரு அமுக்கு அமுக்கிக் கோளாறை அழித்தான். கோளாறு எதுவும் இல்லை என்றது போன். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"போன் நல்லாருக்குங்குது, வண்டி இல்லங்குது. நான் யார நம்பறது தம்பி?"

"மூளை கொழம்பியிருக்கு சார். கொஞ்சம் ரெஸ்ட் குடுப்போம். ஆப் பண்ணுங்க."

அன்பரசு ஆப் செய்தான். கார் அடங்கியது. போனில் மட்டும் இன்ஜின் எண்ணூறு சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆப் பண்ணீங்களா சார்?"

"சாவி என் கையில இருக்கு."

சிவபிரசாத் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தான். ஓடியது. ஒயர்களைப் பிடுங்கி, இ.சி.எம். பெட்டியையே வெளியே எடுத்து, துண்டில் சுற்றி அன்பரசுவின் மடியில் வைத்தான். அப்போதும் ஓடியது. போதாததற்கு, ஏசி வேறு போட்டிருப்பதாகப் போன் சொன்னது.

அன்பரசு பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தம்பி, இதுக்கு உயிர் இருக்கு" என்றான் மெதுவாக.

"எத்தனையோ வண்டி பாத்துட்டேன் சார். இப்படி ஒண்ணப் பாத்ததில்ல" என்ற சிவபிரசாத் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

கூட்டம் கூடிவிட்டது. பூ விற்கும் லோகநாயகி ஒரு முழம் மல்லியை எடுத்துப் பெட்டியின் மேல் சாத்தினாள். "நிக்காம ஆடறவரு ஊருங்க இது. இங்க வந்து ஒண்ணு நிக்கலன்னா அதுல என்ன அதிசயம்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார் திருநாவுக்கரசு. திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார். தரையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். சிந்துஜா பூக்கூடைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"என்ன மாப்ள இது?" என்றார்.

அன்பரசு போனை மட்டும் தூக்கிக் காட்டினான். சிவபிரசாத்தான் நடந்ததை நடந்தபடி சொன்னான். திருநாவுக்கரசு போனைப் பார்த்தார், பிடுங்கிய ஒயர்களைப் பார்த்தார், மல்லிகையோடு மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவரும் செருப்பைக் கழற்றினார். கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கை குவித்தார்.

"அப்பனே, நாங்க பாத்துட்டோம். போதும், நிறுத்திக்க."

போனில் சுற்று சட்டென்று பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருநாவுக்கரசு கண்கலங்கி, அன்பரசுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷமா உங்கள நான் சரியா புரிஞ்சிக்கல மாப்ள. உங்க கை பட்டுதான் இது நடந்திருக்கு. இந்தக் காரு இனிமே உங்க வூட்டுலயே நிக்கட்டும்."

சிந்துஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனைப் பெருமையோடு பார்த்தாள். உண்மையிலேயே ஏதோ ஒன்று தன்னைத் தொட்டுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்ணாடத்திலிருந்து காரில் வந்திருந்த தைலம்மாள் சிவபிரசாத்திடம் வந்தாள்.

"ஏன் தம்பி, காலையில எங்க கார பாத்தப்ப ஸ்டீயரிங்குக்குக் கீழ இதே மாதிரி ஒரு டப்பாவ சொருவுனீங்களே, அத எடுக்காமயே உட்டுட்டீங்க; எங்க வூட்டுக்காரரு இவ்ளோ நேரமா இந்தக் காருக்கு முன்னாடிதான் எங்க கார நிறுத்தி ஏசிய போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தாரு, இப்ப இன்ஜின ஆப் பண்ணிட்டு எறங்கறப்ப முட்டியில இடிச்சிருச்சு."